முனியாண்டிக்கு ஒரு நாற்காலி

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இன்று முனியாண்டிக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

நாற்காலி என்னவோ எனக்குத்தான். மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை பதுளையிலிருந்து மனநல டொக்டர் றின்ஸா வருகிறார். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அங்கே போவதில்லை. போனாலும் மாத்திரையைக் கொண்டுவந்து கோயில் உண்டியலில் போட்டுவிடுகிறார்கள். போன மாதம் உண்டியலைத் திறந்தபோது பதினோரு அட்டை இருந்தது. அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய் டொக்டரிடம் கொடுத்தேன். அவர் அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, "ஐயா, நீங்களும் கிளினிக்குக்கு வந்து உக்காருங்களேன்" என்றார். பூசாரி பக்கத்தில் இருந்தால் சனம் பயப்படாது என்று நினைத்திருக்கிறார்.

போனேன். விபூதித் தட்டை நாற்காலியில் வைத்ததுதான் தப்பு. வந்தவர்கள் எல்லாம் நாற்காலியைக் கும்பிட்டார்கள். அதற்குப் பிறகு அதில் நான் எப்படி உட்காருவது?

கிளினிக் எழுத்தர் நிரோஷன் ஒரு படிவம் நிரப்பினார். பெயர்: முனியாண்டி. பதவி: காவல் தெய்வம்.

"சேவைக்காலம் எத்தன வருசம் போட?"

"தோட்டம் தொறந்த காலத்துலேருந்துங்க."

"வருசமா சொல்லுங்க ஐயா."

நூற்றைம்பது என்றேன். எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தார். "பென்ஷன் வயசு தாண்டிருச்சே?"

2024 பெப்ரவரி 8

இன்றும் எனக்கு ஆக்கிய சோறு அப்படியே இருந்தது. நாய்க்கு வைத்தேன். அதற்கும் அலுத்துவிட்டது போல. முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

2024 பெப்ரவரி 20, செவ்வாய்

மேல் லயத்து வரிசை வீட்டு இராக்கம்மா தன் மகள் கம்சலாவைக் கூட்டிவந்தாள். கம்சலா குவைத்தில் நாலு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள். இருபத்தாறு வயது. அங்கிருந்த எசமானி இன்னும் அவளைக் கூப்பிடுகிறாளாம். தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும்போதும் கூப்பிடுகிறாளாம். இவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய், யார் வீட்டுக் கோப்பையையாவது கழுவ ஆரம்பித்துவிடுகிறாள். முதல் வாரம் லயத்துப் பெண்கள் சும்மா இருந்துவிட்டார்கள். கோப்பை சுத்தமாகத்தானே இருக்கிறது.

"செய்வினைதாண்ணே. மாத்திரைய தொட மாட்டேங்குறா. சாமி சொன்னாத்தான் குடிப்பாளாம்" என்றாள் இராக்கம்மா.

டொக்டர் எல்லாரிடமும் ஒன்பது கேள்வி கேட்பார். அவற்றைத் தோட்டத்துப் பேச்சில் எடுத்துச் சொல்வது என் வேலை. தூக்கம் வருதா? சாப்பாடு எறங்குதா? எதுலயாவது மனசு போகுதா? இருந்து என்னான்னு தோணுதா?

இன்று பதினாலு பேர். பதினாலு தடவை கேட்டேன். அவர்கள் வாய் திறக்கும் முன்பே ஒவ்வொரு தடவையும் எனக்குள் பதில் வந்து நின்றது. ஒன்பதில் எட்டு எனக்கும் பொருந்தியது.

எட்டு நல்ல மார்க்கா, கெட்ட மார்க்கா? கேட்கவில்லை.

2024 மார்ச் 5, செவ்வாய்

எழுதித்தான் ஆகவேண்டும். வேறு யாரிடம் சொல்ல?

என் வீட்டுக்காரி பழனியம்மா போய்ச் சேர்ந்து பதினாலு மாதம். அன்றிலிருந்து என்மேல் சாமி இறங்கவில்லை. ஒருநாள்கூட இல்லை. உடுக்கை அடித்துப் பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன். வரவில்லை. வெள்ளிக்கிழமை சனம் கூடி நிற்கும்போது என்ன செய்ய? நானே ஆடுகிறேன். நானே குறி சொல்கிறேன். பொய்.

இன்று அதையே ஆஸ்பத்திரியிலும் செய்தேன்.

டொக்டர் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார். "மருந்த நான் சொல்றேன் ஐயா. சாமிக்கு இதுல கோவமில்லன்னு மட்டும் நீங்க சொன்னா போதும்." சரி என்றேன். ஆனால் கம்சலா என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வியர்த்துவிட்டது. கண்ணை மூடி, காலைத் தூக்கி, ஒரு ஆட்டம் போட்டேன். வாயிலிருந்து வந்தது இதுதான்: "அடியேய்! சாப்பாட்டுக்குப் பொறகு குடி! வெறும் வயித்துல குடிச்சா குடலு புண்ணாகும்!"

நிரோஷன் அதையும் படிவத்தில் எழுதிக்கொண்டார்.

பக்கத்து வரிசையில் இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர் ஓடிவந்து காலில் விழுந்தார். "சாமி, என் மாத்திர முன்னவா பின்னவா?" இன்னும் இரண்டு பேர் மருந்துச் சீட்டோடு எழுந்தார்கள். டொக்டர் வெளியே வந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, மிகவும் மரியாதையாக, "முனியாண்டி, அவங்க வேற டொக்டரோட ஆளுங்க" என்றார்.

நான் மலையேறினேன். வேறு வழி?

2024 மார்ச் 6

கம்சலா மாத்திரை குடித்தாளாம். சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

2024 மார்ச் 19, செவ்வாய்

எசமானி இப்போது தினமும் கூப்பிடுவதில்லையாம். வெள்ளிக்கிழமை மட்டும்தானாம். "அவங்களுக்கும் லீவு குடுத்துட்டாங்க போல மாமா" என்று கம்சலா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது இன்றுதான்.

பிறகு மெதுவாகக் கேட்டாள். "மாமா, முனியாண்டி எப்பவும் எடது காலத்தானே தூக்கும்? அன்னைக்கி ஏன் வலது காலு?"

பஸ் வந்துவிட்டது என்று ஓடினேன். பஸ் வரவில்லை. மழையில் முக்கால் மணி நேரம் நின்றேன்.

2024 ஏப்ரல் 14

புதுவருசம். பூசை முடித்தேன். மூன்று வீட்டிலிருந்து பொங்கல் வந்தது. ஒரு வாய் வைத்தேன். மண் மாதிரி இருந்தது. அவர்கள் பொங்கலில் ஒரு குறையும் இல்லை.

2024 ஏப்ரல் 16, செவ்வாய்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

கிளினிக்கில் இருபது பேர் இருந்திருப்பார்கள். கம்சலா திடீரென்று எழுந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். ஆட ஆரம்பித்தாள். இடது கால்தான். சனம் எழுந்து நின்றது. "ஐயோ, திரும்ப வந்துருச்சே!" என்று இராக்கம்மா கத்தினாள். டொக்டர் உள்ளிருந்து ஓடிவந்தார்.

கம்சலா என்னை நோக்கிக் கையை நீட்டினாள். "அடேய் பூசாரி! சோறு திங்காம நீ யாருக்குடா பூச பண்ற? எலும்பும் தோலுமா என் முன்னாடி நிக்காத! போ, ஒரு நம்பர் எடு!"

டொக்டர் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார். அவள் சட்டென்று ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தலைமுடியை முடிந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ். இவரத்தான் பாருங்க. ஊருக்கெல்லாம் கேள்வி கேக்குறாரு, இவருகிட்ட யாரும் கேக்க மாட்டேங்குறீங்க."

பதினேழாம் நம்பர் எடுத்தேன்.

உள்ளே உட்கார்ந்ததும் டொக்டர் அந்த ஒன்பது கேள்வியையும் கேட்டார். நான் சொல்லிச் சொல்லிப் பழகிய கேள்விகள்தான். முதல் கேள்விக்கே அழுதுட்டேன். அம்பத்தெட்டு வயசு ஆளு, ஒரு சின்னப் புள்ள முன்னாடி ஏங்கி ஏங்கி அழுதுட்டேன். சாமி வர்றதில்ல மிஸ், நான் நடிக்கிறேன், பழனியம்மா போனதுலேருந்து எதுவும் வர்றதில்லன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். செத்துடலாம்னு நெனச்சதயும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. பழனியம்மாவைப் பற்றிக் கேட்டார். என்ன சமைப்பார்கள், எதற்குச் சண்டை போடுவீர்கள் என்றெல்லாம் கேட்டார். கடைசியாக, "சாமி திரும்ப வருமான்னு சொல்ல எனக்குத் தெரியாது ஐயா. தூக்கமும் பசியும் வரும். அதுக்கு மருந்து இருக்கு. அது மட்டும் நான் நிச்சயமா சொல்லுவேன்" என்றார். வராத சாமியை இனி வரவழைக்க வேண்டாம், விபூதி பூசிக் கும்பிட்டு விட்டாலே போதும் என்றார். சாகிற நினைப்பு மறுபடி வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லித் தன் நம்பரை எழுதிக் கொடுத்தார். இராக்கம்மாவைக் கூப்பிட்டு, இரண்டு வாரத்துக்கு என்னைத் தனியாக விடக்கூடாது என்று என் முன்னாலேயே சொன்னார்.

வெளியே நிரோஷனுக்குப் பெரிய சங்கடம். "ஐயா, நீங்க இணைப்பாளரா, நோயாளியா? எந்த ஃபைல்ல போட?"

"ரெண்டுலயும் போடுங்க."

யோசித்துவிட்டுப் போட்டார். முனியாண்டியின் படிவத்தில் 'லீவு' என்று எழுதினார்.

2024 ஏப்ரல் 23

மூன்று வேளையும் இராக்கம்மா வீட்டுச் சோறு. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். போலீஸ் பரவாயில்லை.

2024 மே 10, வெள்ளி

காலையில் பெரிய கூத்து. கோயில் ஆறு மணிக்குத் திறக்கவில்லை. ஏழாகியும் திறக்கவில்லை. சனம் வந்து என் கதவைத் தட்டியிருக்கிறது. பதில் இல்லை. நாலு பேர் சேர்ந்து கதவை உடைத்தே விட்டார்கள்.

கண்ணை விழித்தேன். என்னைச் சுற்றிப் பத்துப் பேர். இராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். கம்சலா என் மூக்கில் விரலை வைத்திருக்கிறாள். யாரோ தேங்காய்கூட எடுத்து வந்துவிட்டார்கள்.

"மணி என்னா?" என்றேன்.

"ஏழேகால்" என்றாள் கம்சலா. "தூங்குனீங்களா மாமா?"

ஆமாம். தூங்கியிருக்கிறேன்.

எல்லாரும் கதவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பிறகு, ரொட்டி சுட்டிருந்தால் ரெண்டு கொண்டுவரச் சொன்னேன். தேங்காய்ச் சம்பலில் உறைப்பு கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்றேன்.