பன்னிரண்டு நாற்பதுக்கு வரும் அழைப்பு

ஜூன் 10, 2024, திங்கள்

கம்பெனி வாசல் கேட்டில் வேலைக்கு வந்து இன்றோடு மூன்று மாதம். காலையில் எல்லோருடைய போனையும் வாங்கி நம்பர் போட்ட மரப்பெட்டிகளில் வைக்க வேண்டும், சாயங்காலம் திருப்பித் தர வேண்டும். வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் போன் போகக் கூடாது. பட்டாசுக் கம்பெனியில் அதற்கு மறுபேச்சே இல்லை.

போனை வைத்துவிட்டுப் போகிறவர்கள் சும்மாவா போகிறார்கள், சார்ஜும் ஏற்றித் தரச் சொல்கிறார்கள். அதனால் பஸ் ஸ்டாண்டு நடைபாதைக் கடையில் ஐந்து வாய் உள்ள சார்ஜர் ஒன்று வாங்கி வந்தேன். பத்திரகாளி மதினியின் பட்டன் போன், போர்மேனின் பெரிய போன், டார்ச், குட்டி ஃபேன், எல்லாவற்றுக்கும் இனி இது ஒன்றே போதும். மீதமிருந்த ஒரு வாயில் என் வீட்டுக்காரர் போனைப் போட்டேன். 27-ம் பெட்டி அவருடையது. இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

ஜூன் 12, புதன்

மணி 12:40. என் போன் அடித்தது. திரையில் "அவுக".

அவர் போன் எனக்கு எட்டும் தூரத்தில் சார்ஜரில் கிடக்கிறது. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் எடுக்கவில்லை. கை வரவில்லை.

ஜூன் 13, வியாழன்

அதே 12:40.

ஜூன் 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது கனம் குறையுமா, பார்க்கலாம்.

மாசி மாதம். கம்பெனி லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு விருதுநகர் போனவர், மிளகாய் மண்டிப் பக்கம் லாரியை ஓரங்கட்டிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். 12:40-லிருந்து ஏழு முறை. நான் உள்ளே திரி செருகிக்கொண்டிருந்தேன். என் போன் 28-ம் பெட்டியில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அப்போது கேட்டில் இருந்த சங்கிலிமுத்து அண்ணனுக்குக் கேட்டது. ஆனால் சாப்பாட்டு மணிக்கு முன்னால் ஆளை வெளியே கூப்பிடும் வழக்கம் இங்கே கிடையாது. அவர் மேல் தப்பில்லை. ஒரு மணிக்கு வந்து பார்த்துத் திருப்பிக் கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்தார்கள். அதற்குள் அவர் போய்ச் சேர்ந்திருந்தார்.

அதன் பிறகுதான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். போன் பக்கத்திலேயே இருக்கலாம் என்று. யார் கூப்பிடுவதற்காக? அதை மட்டும் யோசிக்கவில்லை.

இன்று எடுத்தேன். ஒரே இரைச்சல். அந்தப் பக்கம் நம் கேட்டுச் சங்கிலி ஆடும் சத்தம் கேட்டது. என்ன பேசுவது என்று தெரியாமல், "சாப்பிட்டீகளா?" என்றேன்.

ஒரு மூச்சு நேரம் கழித்து, "சாப்பிட்டீகளா?" என்று வந்தது.

என் குரல்தான். பக்கத்தில் கிடக்கும் போன் நான் பேசுவதைக் கேட்டு எனக்கே அனுப்புகிறது. தெரியும். தெரிந்தும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

ஞாயிறு தவிர எல்லா நாளும் வருகிறது. நானும் எடுக்கிறேன். மகள் பரீட்சை, கூரையில் ஒழுகுவது, எல்லாம் சொல்கிறேன். சொன்னதெல்லாம் திரும்பி வருகிறது.

அவர் போனின் ஓரத் தகட்டைத் தொட்டால் விரலில் ஏதோ ஊர்கிறது. தடவிக் கொடுப்பது மாதிரி. மதினி தன் போனைத் தொட்டுவிட்டு, "என்னடி செல்வி, எறும்பு கடிக்க மாதிரி இருக்கு" என்றாள். போர்மேன் ராமகிருஷ்ணன் அண்ணாச்சியின் போன் தானாகவே இருக்கன்குடியில் இருக்கும் சம்பந்தி வீட்டைக் கூப்பிட்டிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

12:40 அழைப்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

லைட் மாட்ட எலக்ட்ரீசியன் முகம்மது ரியாஸ் வந்தார். என் மேசையைப் பார்த்ததும் டெஸ்டரை எடுத்து சார்ஜர் வயரின் நுனித் தகட்டில் வைத்தார். டெஸ்டர் எரிந்தது.

"ஒரே சார்ஜர்ல பல சாமான் போடுறது தப்பில்லக்கா. போன் தனக்கு வேணும்கிற கரண்டைத்தான் எடுத்துக்கிரும். சார்ஜர் நல்லதா, அம்புட்டையும் தாங்குறதா இருக்கணும். இது லீக் ஆகுது. தொடுதிரைக்கு யாரோ விரல் வச்சு அழுத்துற மாதிரி தெரியும். அதுவா யாரையாவது கூப்பிடும்."

ஏன் 12:40-க்கு மட்டும் என்று கேட்டேன். எதிரே உள்ள அச்சாபீஸில் அந்த நேரத்துக்குத்தான் பெரிய மிஷினை நிறுத்துகிறார்கள், அதில் வோல்டேஜ் ஏறியிருக்கும் என்றார். பூட்டுப் போடாத போன் என்றால் கடைசியாகக் கூப்பிட்ட நம்பருக்கே போகும் என்றும் சொன்னார்.

கடைசியாகக் கூப்பிட்ட நம்பர்.

தர முத்திரை போட்ட புது சார்ஜர் ஒன்றை மாட்டிவிட்டு, பழையதை உடைத்துப் போடச் சொல்லிவிட்டுப் போனார். சரி என்றேன்.

உடைக்கவில்லை. தூக்குச்சட்டிப் பைக்குள் இருக்கிறது.

ஜூலை 3, புதன்

புது சார்ஜரில் எல்லா போனும் சாதுவாக ஏறுகின்றன. பன்னிரண்டரைக்குப் பழையதை எடுத்து அவர் போனுக்கு மட்டும் மாட்டினேன். 12:40-க்கு வந்தது.

எனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்.

ஜூலை 10, புதன்

இதையும் எழுதிவிட வேண்டும்.

யார் கண்ணிலும் படக் கூடாது என்று சார்ஜரைப் பழைய லேபிள் தாள்களுக்கு அடியில் செருகி வைத்திருந்தேன். 12:40-க்குக் கொஞ்சம் முன்னால் நாற்றம் வந்தது. பார்த்தால் தாளின் ஓரம் கறுத்து, புகை. ஜன்னலுக்கு வெளியே நாற்பது அடியில் திரி காயப் போட்டிருக்கிறார்கள். காற்று அந்தப் பக்கம். உள்ளே நாற்பத்து மூன்று பேர். மதினி உள்ளே.

அப்போது என் போன் அடித்தது. "அவுக".

நின்றுவிட்டேன். ஒரு நொடியா, இரண்டா, தெரியவில்லை. இன்னைக்கும் எடுக்கலைன்னா என்ன நினைப்பாக? சத்தியமாக அப்படித்தான் தோன்றியது.

சுவிட்சை அணைத்தேன். மணல் வாளியைத் தூக்கிக் கொட்டினேன். அடங்கியது. எப்போது மணி நின்றது என்று கவனிக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

அண்ணாச்சியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கத்தினார், கத்த வேண்டியதுதான். வேலை போகும் என்று நினைத்தேன். "நாற்பத்து மூணு குடும்பம்ளா" என்றவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாசியில் என் வீட்டுக்காரர் உடலை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனவரும் அண்ணாச்சிதானே.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ஒரே வீட்டிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தால், சாப்பாட்டு மணிக்குக் காத்திராமல் ஆளைக் கூப்பிட விட வேண்டும். தலையாட்டினார்.

பழைய சார்ஜரின் வயரை அறுத்து ரியாஸ் கொண்டுபோனார். என் வீட்டுக்காரர் போனை அணைத்து வீட்டு பீரோவில் வைத்தேன். 27-ம் பெட்டியை மதினிக்குக் கொடுத்தேன்.

ஜூலை 20, சனி

12:40. ஒன்றும் இல்லை. அச்சாபீஸ் மிஷின் நின்றது காதில் விழுந்தது.

ஜூலை 29, திங்கள்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. சார்ஜரில் எதுவும் மாட்டவில்லை.

12:40-க்கு 27-ம் பெட்டியில் மணி அடித்தது.

எழுந்திருக்கவே முடியவில்லை. நின்றது. திரும்ப அடித்தது. சார்ஜர் இல்லை, கரண்ட் இல்லை, அப்படியென்றால் இது விரல்தான், யாரோ விரலால் அழுத்திக் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது முறை அடிக்கும்போதுதான் பெட்டிக்குள் பார்த்தேன். மதினியின் பட்டன் போன். திரையில் அவள் மகள் அனுப்பிரியா பெயர். நிறைமாதம், வீட்டில் தனியாக இருக்கிறாள்.

ஓடிப் போய் மணியை அடித்தேன். மதினி கையெல்லாம் மருந்தோடு வந்து, வாளித் தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடிவந்தாள். என் கையில் அவள் போன் ஏழாவது முறை அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா இங்கனதான் இருக்கேன், சொல்லுத்தா" என்றாள்.