பழைய தையல் விட்ட இடம்

8.7.91, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள் பாக்கி 22. பஸ்ஸில் கண்டக்டர், "யம்மா, எய்ந்து எடம் குடு, மாசமா கீறாங்க" என்று ஒரு பெண்ணை எழுப்பிவிட்டார். எனக்கு வயது 47. மறுக்கவில்லை. தாம்பரம் வரை உட்கார்ந்தே போனேன்.

வயிற்றில் இருப்பது வீக்கம். இரண்டாவது பிரசவத்தில் கிழித்துத் தைத்த இடம். முதலில் எலுமிச்சை அளவு. இப்போது சாத்துக்குடி. படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் எட்டிப் பார்க்கும்.

10.7, புதன்

டாக்டரம்மாவிடம். என் வீட்டுக்காரரும் வந்தார். "இருமுங்க" என்றார் டாக்டரம்மா. இருமினேன். துள்ளி வெளியே வந்தது. "குடலிறக்கம். பழைய தையல் விட்டுப்போச்சு. உள்ளே வலை வச்சுத் தைக்கணும்."

இவர்: "கொசுவலை மாதிரிங்களா?"

"கிட்டத்தட்ட. அது கொசுவை உள்ள விடாது, இது குடலை வெளிய விடாது."

காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்றேன். வீக்கம் உள்ளே போகாமல் நின்றுவிட்டால் அன்றைக்கே ஓடி வர வேண்டுமாம். தலையாட்டினேன். வரும் வழியில் வெண்டைக்காய், சிவப்பு மை.

16.7, செவ்வாய்

ஆஸ்பத்திரி. எழுத்து கோணல்.

ஞாயிறு நடந்தது: கிணற்றடியில் குடம் தூக்கினேன். சுருக். வீக்கம் கல் மாதிரி ஆகிவிட்டது. படுத்தும் உள்ளே போகவில்லை. இரண்டு முறை வாந்தி. இவர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி ஆட்டோ பிடித்தார்.

ஆட்டோக்காரர்: "பயப்படாதக்கா, நம்ம வண்டிலயே ரெண்டு பிரசவம் ஆகிகீது."

இவர்: "பிரசவம் இல்லப்பா, குடல்!"

"இன்னாவோ ஒண்ணு சார், கெட்டியா புட்சிக்கோ."

குரோம்பேட்டை ரயில்வே கேட் மூடல். ரயில் போகும்வரை இவர் என் கையைப் பிடித்திருந்தார். நடுத்தெருவில், எல்லோர் எதிரிலும். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவை. வலியில் சரியாக ரசிக்க முடியவில்லை.

அன்று மாலையே ஆபரேஷன். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா குடலையே வெட்டியிருக்கணும்" என்றார் டாக்டரம்மா. நான் தேர்வு அட்டவணையைப் பற்றிப் பேசவில்லை.

வாயு பிரிந்தால்தான் சாப்பாடு. அதுவரை குளுக்கோஸ் பாட்டில்.

பக்கத்துக் கட்டிலில் தேவகியம்மா, மீன் விற்பவர். அவருக்கும் இதே ஆபரேஷன். "நமக்கும் வலை போட்டாங்க டீச்சரம்மா. ஒரு நெத்திலிகூட மாட்டல." சிரித்தேன். தையலில் உயிர் போய் உயிர் வந்தது.

17.7, புதன்

தூறல். பசி.

காலையில் டாக்டரம்மா: "காத்து போச்சா?" இல்லை. நர்ஸ்: போச்சா? இல்லை. இவர், பெண்கள் வார்டில் ஆண்களை விடாததால் ஜன்னலுக்கு வெளியிலிருந்து, உரக்க: "போச்சா?" பெருக்க வந்த அம்மாள்கூடக் கேட்டுவிட்டுப் போனார்.

ஒவ்வொரு முறை இல்லை என்னும்போதும் இவர் முகம் சுருங்குகிறது. குடல் வேலை செய்யவில்லையோ என்று பயம். எனக்கும்தான்.

நாலு மணிக்கு எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ், ஆப்பிளோடு. அவர் வராந்தாவில் நடந்தால் ஐந்நூறு பிள்ளைகள் மூச்சு விடமாட்டார்கள். "பொறுமைதான் பெண்களுக்கு..." என்று ஆரம்பித்தார். அப்போது போயிற்று. நீளமாக.

தேவகியம்மா கை தட்டினார். "பூட்ச்சு! நர்ஸம்மா, நம்ம டீச்சருக்கு பூட்ச்சு!"

இவர் வெளியிலிருந்து ஓடிவந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்துக் கும்பிட்டார்: "ரொம்ப நன்றிங்க மேடம்."

ஆறு மணிக்கு அரை டம்ளர் கஞ்சித் தண்ணீர். உப்பு போதவில்லை.