அம்மியாவின் கையும் தெமெயாஸின் குரலும்

மார்ச் 3

காலை முழுவதும் செகுந்தா அம்மாளின் தலையில் கோபுரம் கட்டினேன். இப்போது ரோமர் ஆளும் எங்கள் பிலிப்பியில் பெரிய வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இதே பைத்தியம்தான். நெற்றிக்கு மேல் சுருள் சுருளாக அடுக்கி, ஊசி நூல் வைத்துத் தைத்து, பாதிக்கு மேல் வேறு யாருடைய முடியையோ சொருகி... முன்னாலிருந்து பார்த்தால் ராணி. பின்னாலிருந்து பார்த்தால் உரித்த கோழி. கட்டிவிடுகிற எனக்கோ மொத்தமே ஒரு கைப்பிடி முடி. அதையும் துணியால் மூடிக்கொண்டு திரிகிறேன், தொழில் கெட்டுவிடக் கூடாதே என்று.

வாய் ஓயாமல் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று அம்மாள் கேட்டாள்:

"சோசிமே, ஞானஸ்நானத்துக்குத் தண்ணியில இறங்குறப்போ இந்தக் கோபுரத்தை என்னடி செய்வீங்க?"

ஊசி அவள் காதில் குத்திவிட்டது. நகராட்சித் தலைவரின் மனைவி! இத்தனை வருஷம் நான் சொன்ன வம்புக்கு நடுவே கர்த்தரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. எது எப்போது காதில் ஏறியதோ.

"பிரிச்சுடுவோம்மா. ஒரு முடிச்சு, ஒரு ஊசி இருக்கக் கூடாது. பிறந்த மேனியா இறங்கணும்."

"யார் முக்குவாங்க?"

"அம்மியா அக்காதான். அவங்க கையில போனா பயமே இருக்காது."

மார்ச் 5

சொல்லி வாய் மூடவில்லை, வந்தது வினை.

அம்மியா அக்காளின் ரொட்டிக்கடை மாடியில்தான் எங்கள் சபை கூடுகிறது. கீழே அடுப்பு எரிவதால் குளிர்காலத்திலும் மாடி கதகதப்பாக இருக்கும். அக்காள் புருஷனைப் பறிகொடுத்த பிறகு தன்னந்தனியாகக் கடையை நடத்துகிறவள். அப்பத்தை அவளே பிசைவாள், சுடுவாள், ஜெபித்துப் பிட்டும் கொடுப்பாள். சபையிலுள்ள பெண்களில் முக்கால்வாசிப் பேரைத் தண்ணீரில் முக்கி எடுத்தவள் அவள்தான். என்னையும்தான். "ஏண்டி, தண்ணிக்குள்ளயாவது வாயை மூடு" என்றாள் அன்று.

இன்று தெமெயாஸ் எழுந்து நின்றார். கொரிந்துவிலிருந்து வந்து நான்கு மாதம் ஆகிறது. குரலைக் கேட்டு மயங்கி ஆண்கள் அவரை மூப்பராக்கிவிட்டார்கள். வெண்கலக் குரல். 'உப்பு எடு' என்று சொன்னால்கூட உடம்பு சிலிர்க்கும். அந்தக் குரலில் சொன்னார்: இனி பெண்கள் சபையில் வாய் திறக்க வேண்டாம். அப்பம் பிட்குவதும் ஞானஸ்நானம் கொடுப்பதும் மூப்பரின் வேலை.

"சகோதரி அம்மியா வழக்கம்போல மாவு பிசையட்டும். யாரும் வேணாம்னு சொல்லலையே."

அவருடைய வீடு அல்ல, அடுப்பும் அவருடையது அல்ல. நான் வாயைத் திறந்தேன். அக்காள் என் தொடையைக் கிள்ளினாள். மூடினேன்.

மார்ச் 6

அக்காள் இன்று ரொட்டியைக் கருகவிட்டாள். அம்மியா கடையில் கருகல் வாசனை! தெருவே கூடிவிட்டது.

மார்ச் 8

கடைக்குப் போனேன். மாவைக் குத்து குத்தென்று குத்திக்கொண்டிருந்தாள். மாவுக்கு தெமெயாஸ் என்று பெயர் வைத்திருப்பாளோ என்னவோ.

"மாடியைக் கம்பளி வியாபாரிக்கு விட்டுடலாம்னு இருக்கேன், சோசிமே."

"அப்போ சபை?"

"குரல் இருக்கிற இடத்துல கூடட்டும்."

"அக்கா, கோவத்துல பேசாதீங்க."

"கோவம் இல்லடி. ஜெபம் பண்ண வாயைத் திறந்தா, யாரோ பின்னால நின்னு மூடச் சொல்ற மாதிரியே இருக்கு. தனியா இருக்கிறப்பக்கூட வார்த்தை வரல."

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. நான் யாரு? அடிமையா விலைபோய், விடுதலையாகி, வம்பு பேசிப் பொழைக்கிறவ. என்னைத் தங்கச்சின்னு முதல்ல கூப்பிட்ட வாய் அது. அதைப் போய் மூடு-ங்கிறாரே! அவ மாடியை மூடிட்டா நான் எங்க போவேன்? நாங்க எல்லாரும்தான் எங்க போவோம்?

மார்ச் 9

செகுந்தா அம்மாளின் கணவர் தெசலோனிக்கேயிலிருந்து பதினைந்தாம் தேதி திரும்புகிறார். அவர் வந்துவிட்டால் ஆற்றங்கரைப் பக்கம் கால் வைக்க முடியாது. அதற்குள் ஞானஸ்நானம் ஆக வேண்டும் என்கிறாள்.

தெமெயாஸிடம் சொன்னேன். நகராட்சித் தலைவர் மனைவி என்றதும் தாடியை நீவிக்கொண்டார்.

"நானே கொடுப்பேன்."

"ஐயா, அந்தம்மா துணியில்லாம நிக்கணுமே."

"சீலை பிடிக்கச் சொல். நான் இந்தப் பக்கம் திரும்பி நின்று நாமங்களைச் சொல்லுவேன். ஒவ்வொரு நாமத்துக்கும் அவங்களே ஒரு முறை முழுகட்டும்."

கையே இல்லாத ஞானஸ்நானம். இதைக் கேள்விப்பட்ட அக்காள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "மலையில பனி உருகுற நேரம். ஆத்துக் கல்லெல்லாம் பாசி."

மார்ச் 12

என் வாழ்நாளில் எழுதியதிலேயே சந்தோஷமான பக்கம் இது. தும்மலோடு எழுதுகிறேன்.

விடிந்ததும் ஊர் வாசலுக்கு வெளியே ஆற்றங்கரை. கரைமேல் ஆண்கள், அந்தப் பக்கம் முகம் திருப்பி. அவர்களோடு காலுஸ், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற கிழவர். அக்காள் கொஞ்சம் தள்ளி, துவட்டும் துணியோடு, வேலைக்காரி மாதிரி நின்றாள். ஆற்றில் இடுப்பளவில் இரண்டு பெண்கள் சீலையைப் பிடித்தார்கள். சீலைக்கு இந்தப் பக்கம் தெமெயாஸ், முதுகைக் காட்டிக்கொண்டு. அந்தப் பக்கம் உள்ளாடையோடு செகுந்தா அம்மாளும், கோபுரத்தைப் பிரிக்க நானும்.

வீட்டிலேயே பிரித்திருக்கலாம். ஆனால் கோபுரம் இல்லாமல் தெருவில் நடந்தால் அம்மாளின் மாமியாருக்குச் செய்தி போய், ஆற்றுக்கு வருமுன்னே ஆள் விட்டு அழைத்துவிடுவாள். விடியற்பனியில் நூல் இறுகிவிட்டது. எட்டவில்லை. ஒரு கல்லின்மேல் ஏறினேன்.

தெமெயாஸுக்குப் பொறுமை போய்விட்டது. குளிரில் யாருக்குத்தான் இருக்கும்! வெண்கலக் குரலை எடுத்தார்.

"பிதாவின் நாமத்திலே!"

என் கால் வழுக்கியது. தொபுக்கடீர்!

சத்தம் கேட்டதே, அவருக்குத் திருப்தி. "குமாரன் நாமத்திலே!" எழுந்தவள் மறுபடி வழுக்கினேன். "பரிசுத்த ஆவியின் நாமத்திலே!" எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே என்று சீலையைப் பிடித்தேன். சீலையும் நானும் சேர்ந்து போனோம்.

கரையிலிருந்து ஆண்கள் ஒரே குரலில், "ஆமென்!"

தெமெயாஸ் கண்ணை மூடி, கைகளை உயர்த்தித் திரும்பினார். கண்ணைத் திறந்தார். செகுந்தா அம்மாள் தலை நனையாமல், பாதிக் கோபுரத்தோடு நிற்கிறாள். எதிரே நான், தோளில் யாரோ ஒருத்தியின் சுருள் முடி தொங்க, மூக்கால் தண்ணீர் விட்டுக்கொண்டு.

"மூப்பரே, எனக்கு ஏற்கனவே ஆயிடுச்சு," என்றேன்.

செகுந்தா அம்மாள் சிரித்தாள் பாருங்கள்! பெரிய வீட்டுச் சிரிப்பு அல்ல, சந்தைச் சிரிப்பு. சிரித்துச் சிரித்து, பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு நேரம் இல்லையே... யாராவது கையைக் குடுங்களேன்."

அக்காள் துணியை எங்கே போட்டாள், எப்போது இறங்கினாள், எனக்குத் தெரியாது. ஒரு கை என் பிடரியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியது. இன்னொரு கை செகுந்தா அம்மாளின் தோளில் இருந்தது. அந்தக் கையில் மாவு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"சகோதரி, நீங்க இதை..." என்று தொடங்கினார் தெமெயாஸ்.

"ஐயா, அந்தப் பக்கம் திரும்புங்க," என்றாள் செகுந்தா அம்மாள். ஊரையே ஆளுகிறவரை வீட்டில் ஆளுகிற குரல். திரும்பிவிட்டார்.

சீலை மறுபடி ஏறியது. நான் கடைசி நூலை அறுத்தேன். உள்ளாடை கரைக்குப் போனது. அக்காள் பேசினாள். உரக்கப் பேசவில்லை. ஆனாலும் ஆறு அவ்வளவு இரைச்சலாக ஓடியும் ஒரு வார்த்தை தவறாமல் கேட்டது. மூன்று முறை முக்கி எடுத்தாள், ஒரு கை முதுகிலும் ஒரு கை நெற்றியிலும் வைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல.

கோபுரம் போனபின் அந்தத் தலை எவ்வளவு சின்னதாக இருந்தது! முகம் எவ்வளவு பெரியதாக!

கரையில் காலுஸ் முதுகைத் திருப்பியபடியே கத்தினார்: "இப்போ ஆமென் சொல்லலாமா, இல்ல இன்னும் யாராச்சும் விழணுமா?"

மார்ச் 13

சளி. ஜுரம். இரண்டு முறை ஞானஸ்நானம் வாங்கியவள் என்று தெருவில் பெயர்.

மார்ச் 19

செகுந்தா அம்மாள் கூட்டத்துக்கு வந்தாள், முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டுக்கொண்டு! ஒரு நல்ல வாடிக்கை போயிற்று. கணவர் பின்னலைப் பார்த்து, "யார் வீட்டுப் பொண்ணு இது?" என்று கேட்டாராம். விஷயத்தைச் சொன்னதும் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லையாம். மறுநாள், "போறதுன்னா முக்காடு போட்டுக்கிட்டுப் போ," என்றாராம்.

தெமெயாஸ் அப்பத்தைக் கையில் எடுத்தார். செகுந்தா அம்மாள் கை நீட்டவில்லை.

"நான் புதுசு. தெரியாம கேக்குறேன். கர்த்தரோட கல்லறை காலியா இருக்குன்னு ஓடி வந்து முதல்ல சொன்னது யாரு?"

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே.

"பொண்ணுங்க," என்றார் காலுஸ், தரையைப் பார்த்தபடி.

"அவங்க அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா?"

என் வாய் துறுதுறுத்தது. என்னை நானே கிள்ளிக்கொண்டேன்.

தெமெயாஸ் கையிலிருந்த அப்பத்தைப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். பிறகு அந்தக் குரலை எங்கேயோ இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "என் குரல் சீலையைத் தாண்டிப் போச்சு. கை போகல." அப்பத்தை அக்காளின் பக்கம் நீட்டினார்.

அக்காள் வாங்கினாள். வாயைத் திறந்தாள். ஒரு கணம்... வராதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது.

வந்தது. ஜெபம் ஆறு மாதிரி வந்தது. யாரும் அவளுக்குப் பின்னால் நிற்கவில்லை.

முடிந்ததும் கீழே தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி பாடினோம். நான் சுருதியில்லாமல்தான். இன்று ஒருவரும் கிள்ளவில்லை.

மே 2

அம்பிப்போலிஸ் ஊர்ப் பெண்கள் ஞானஸ்நானம் கொடுக்க அம்மியா அக்காளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். சபையின் ஊழியக்காரி என்று எல்லோரும் அவள் தலையில் கை வைத்து ஜெபித்து வழியனுப்பினோம். தெமெயாஸ்தான் முதலில் கை வைத்தார். மாடி மாடியாகவே இருக்கிறது. கம்பளி வியாபாரி வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

கடையை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது ஒருவர் தானாகவே முன்வந்தார். இன்று காலை எட்டிப் பார்த்தேன். தாடியெல்லாம் மாவு, முழங்கைவரை பிசுபிசுப்பு.

"சோசிமே, மாவு கையிலேயே ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குதே. என்ன செய்ய?"

"குரல் குடுத்துப் பாருங்க, மூப்பரே," என்றேன்.