டிவியில் வந்த பென்னி

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து நேராகக் கோயிலுக்கு வந்து சாம்பல் பூசிக்கொண்டார் பென்னி. இனி ஈஸ்டர் வரை குடிக்கமாட்டார். கல்யாணமாகி ஒன்பது வருஷம், ஒரு தவக்காலத்திலும் தொட்டதில்லை. மற்ற மாதங்களைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது.

செய்தியில் லாரி கவிழ்ந்ததைக் காட்டினார்கள். குடிச்சிருப்பான் என்றேன். "இன்னாமே, நீதான் ஊத்திக் குடுத்தியா?" என்று சிரித்தார்.

மார்ச் 11

நேற்று கம்பெனியில் உலை வெடித்தது. என் பென்னி போய்விட்டார்.

மார்ச் 13

அடக்கம் முடிந்தது. இவரோடு அதே உலையில் நிற்கும் மோசஸ் அண்ணன் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஈரமான பழைய இரும்பு ஸ்கிராப்பைப் போட்டால் உலை வெடிக்கும், வேணாம் என்று பென்னி சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசர்தான் கொட்டச் சொன்னாராம். "எங்கியும் எம் பேரச் சொல்லிடாதம்மா" என்றார். அவருக்கும் வேலை வேண்டுமே.

வீட்டுக்கு வந்தால் டிவியில் இவர் போட்டோ. 'மதுபோதையில் அலட்சியம், தொழிலாளி பலி.' எட்டு விநாடிதான். எவன் மோந்து பார்த்தான்? தவக்காலம்டா பாவிங்களா—

மார்ச் 16, ஞாயிறு

மாமியார்தான் தைரியம் சொன்னார். டிவிக்காரன் சொல்லிட்டா கோயில் ஜனம் நம்பிடுமா என்றார். பூசை முடிந்து துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நாங்க நம்பல மெர்சி, மத்தவங்கதான் பேசிக்கினு இருக்காங்க. பதினோரு பேர், ஒரே பேச்சு. அப்படியானால் அந்த மத்தவங்க யார்?

லாரிக்காரனை நானும் பார்க்காமல்தானே சொன்னேன். அவன் பெண்டாட்டி எந்த ஊரோ.

மார்ச் 24

சானலுக்குப் போன் செய்தேன். எந்த நியூஸ் மேடம் என்று கேட்டாள் ஒரு பெண். கும்மிடிப்பூண்டி, உலை என்றெல்லாம் சொல்லியும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

ஏப்ரல் 2

சாப்பிடும்போது மாமியார் கேட்டார்: "அன்னிக்கு அவன் வாயில வாசம் எதுனா அடிச்சுதா?"

காலையில் கஞ்சி ஊத்திக் கொடுத்து அனுப்பியதே நீங்கதானே அத்தை என்றேன்.

"ஆமா. ஆனா டிவில சும்மாவா போடுவான்?"



ஏப்ரல் 9, புதன்

முப்பதாம் நாள் பூசை. மன்றாட்டு நேரத்தில் மாமியார் எழுந்து மைக் முன்னால் போனார். நான் எதிர்பார்க்கவில்லை. "தவக்காலத்துல குடிச்ச எம் புள்ளைய மன்னிச்சு ஏத்துக்கும் ஆண்டவரே."

பெற்றவள் அழுதுகொண்டே கேட்கிறாள். யார் மறுத்துப் பேசுவது? கோயில் முழுக்க 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்றது.

நானும் சொன்னேன்.