கூடிப்போன நீலம்

புதுச்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் டோனிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், லியோன் பட்டணத்தில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது டோனி, நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பிள்ளைச்சாவடிப் பக்கத்துச் சாயப்பட்டறையில், கேட்ட நிறத்துக்குத் துணி வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதானே என் வேலை. போன வாரம் நீலம் கூடிப்போய்க் கறுத்து வந்தது. சாயம் துணியில் ஏற உப்புப் போடுவோம், உப்புக் கூடினால் நிறமும் கூடும். உப்பு நிறுக்கிற சின்னப்பாப்பா இரண்டு தடவை கொட்டிவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் நான்தான் கத்தினேன், என் வாய் உனக்குத் தெரியுமே. "ஒரு தபாதான் போட்டேன்க்கா, எங்க வூட்டு பம்புத் தண்ணியே ஒரு மாசமா கரிக்குது" என்று அழுதாள். சாக்குச் சொல்லாதே என்றேன். முதலாளி அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

மறுநாள் நானே உப்பை நிறுத்துப் போட்டேன். அதே கறுத்த நீலம். பட்டறை ஆழ்துளைக் கிணற்றின், அந்தப் போரின், தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன், வாயில் வைத்துப் பார்க்கத் தைரியம் வராமல் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். உன் அப்பா அதை மந்திரித்த தண்ணீர் என்று நினைத்து, நெற்றியில் தொட்டுக் கொஞ்சம் வாயிலும் ஊற்றிக்கொண்டு, "இன்னாடி இது, கடல்ல புடிச்சியா?" என்று துப்பினார். சிரிக்க வேண்டிய விஷயம், எனக்குச் சின்னப்பாப்பா சொன்ன பம்புத் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் போர் வற்றியபோது முதலாளி என்னைத்தான் கேட்டார். கடைசியாக அலசுகிற தண்ணீர் தெளிவாகத்தானே போகிறது, அதைத் தொட்டியில் பிடித்து அடுத்த துணியின் முதல் அலசலுக்கு விடலாமா, இல்லை போரை ஆழமாக இறக்கலாமா என்று. நிறம் கெட்டால் பழி என் தலையில் விழுமே என்று பயந்து, ஆழமாகவே போடுங்கள் என்றேன். அன்றிலிருந்து பொழுதெல்லாம் இழுக்கிறோம், தெளிந்த தண்ணீரும் சாக்கடைக்குப் போகிறது. நிலத்தடியில் நல்ல தண்ணீர் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் கடல் தண்ணீர் வந்துவிட்டது. எங்களுக்கு நிறம்தான் கெட்டது, பட்டறையை ஒட்டிய சின்னப்பாப்பா தெருவுக்கு அதுதான் குடிதண்ணீர்.

போரை நிறுத்துங்கள் என்று நாளைக் காலை முதலாளியிடம் சொல்லப் போகிறேன். நாற்பது பேர் வேலை என்ன ஆகும், என்னை இனி கேட்டுக்குள் விடுவாரா, ஒன்றும் தெரியவில்லை. அப்பா கூட வருகிறேன் என்கிறார், வேண்டாம் என்றுவிட்டேன். அதற்கு முன்னால் சின்னப்பாப்பா வீட்டுக்குப் போக வேண்டும். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில்தான் பால்மாவு கரைக்கிறாள். முதலாளியைவிட, அவள் கதவைத் திறப்பாளா என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உன் கூடவே இருக்கட்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த அன்றே போன் போட்டு, சொல்லிவிட்டாயா அம்மா என்று கேள். நான் மழுப்பினால் விடாதே.

உன் அம்மா,
அகஸ்டினா.