இரண்டாம் கணு

அண்ணா,

பக்கத்து வீட்டில் பச்சை மிளகைத் தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து அந்தக் காட்டமான வாசனை வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன், போகவில்லை. தலைச்சோலை முழுக்க இது மிளகு பறிக்கும் காலம். நம் வீட்டு ஆட்களை மட்டும் யாரும் பறிக்கக் கூப்பிட மாட்டார்கள். பூட்டனை மரம் கொண்டுபோனது, பெரியப்பாவை மரம் கொண்டுபோனது, மரமே ஏறாத அப்பாவை ஆடு மேய்க்கப் போன இடத்தில் பாறை கொண்டுபோனது. விழுகிற வம்சம் என்று ஊரில் நமக்குப் பெயர். அதனால்தான் நீங்கள் ஜீப் ஓட்டப் போனீர்கள். "உக்காந்துட்டே செய்யற வேலைல எங்கிருந்துங்க உழுகறது?" என்று மஞ்சக்குட்டை ஸ்டாண்டில் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்கள்.

உங்கள் மகள் பூங்கொடியின் சாதிச் சான்றிதழுக்காகத்தான் நாம் பூட்டனைத் தேடப் போனோம். அவள் காலேஜில் சேர, தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் இருந்ததற்குக் காகிதம் கேட்டார்கள். பூட்டன் காப்பித் தோட்டத்துக் கூலி. அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கு எங்கே காகிதம் இருக்கப்போகிறது என்று நீங்கள் தயங்கினீர்கள். எனக்குத்தான் திமிர். ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்துக் கொடுத்து, எந்தக் காகிதத்தையும் ஒரு பார்வையில் அளந்துவிடலாம் என்ற நினைப்பு. வி.ஏ.ஓ. ஆபீஸ், தாலுகா ஆபீஸ், அப்புறம் சேலத்தில் பழைய பதிவேடுகள் வைத்திருக்கும் அறை என்று நான்கு மாதம் உங்களை அலைக்கழித்தேன். ஜீப்பை நிறுத்திவிட்டு, என் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

முதலில் பூட்டனுடைய மகன் பிறந்த பதிவு கிடைத்தது. தகப்பன் பெயருக்கு நேரே 'கூலி' என்று மட்டும் இருந்தது. அப்புறம் ஒரு தோட்டத்து ஆள் பட்டியலில் அவருடைய கைரேகை. அதைத் தொடப்போனீர்கள். "தொடாதீங்க, உதிர்ந்துடும்" என்று அங்கிருந்தவர் சொன்னதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். கடைசியாகத்தான் அவர் சாவைப் பற்றி அந்தக் காலத்து மணியக்காரர் எழுதிய விசாரணைக் குறிப்பு வந்தது. அரைப் பக்கம். மிளகு பறிக்க, சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறினார். இரண்டாம் கணுவில் நின்றபோது விழுந்து இறந்தார். உடம்பில் காயம் ஏதும் இல்லை. தோட்டத்துக் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் சொல்லக் கேட்டு எழுதியது.

அந்த ஏணிக்கு மூங்கிலின் கணுக்கள்தான் படி. இரண்டாம் கணு முழங்கால் உயரம்தான் இருக்கும். நீங்கள் வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ரெண்டாங் கணுவுல இருந்து உழுந்தா ஆளு சாவாங்களா கண்ணு?"

"அதைய நம்பாதீங்கண்ணா. நொம்ப ஒசரத்துல இருந்து உழுந்தாருன்னு எழுதுனா தோட்டத்து மேல பழி வருமில்லீங்க. ரைட்டரு குறைச்சுச் சொல்லியிருப்பாரு. காயத்தையும் மறைச்சிருப்பாங்க."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அதை அப்படித்தான் படித்திருப்பார்கள். தோட்டத்துக் காகிதம் பொய் சொல்லும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ஒரு காகிதம் மட்டும் உண்மையைச் சொன்னது. அதைப் பொய் என்று உங்களை நம்பவைத்தது நான். நகல் வாங்கிக்கொண்டு, வாசலில் வடை தின்றுவிட்டு மலையேறினோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப்பை ஓரம் கட்டி நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டீர்கள். "வடை எண்ணெ சரியில்ல கண்ணு" என்றீர்கள். நானும் ஆமாம் என்றேன்.

அதிலிருந்து பதினெட்டாம் நாள் அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்தி இறங்கி நின்றவர், அப்படியே சரிந்தீர்கள். சமதரையில். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை உட்காரவைத்துக் கேட்டார். "உங்க குடும்பத்துல யாராவது இப்படித் திடீர்னு இறந்திருக்காங்களா?"

"இல்லைங்க. எங்க ஊட்டுல எல்லாரும் உழுந்து செத்தவங்க."

சொல்லி முடிப்பதற்குள் அந்த அரைப் பக்கம் கண் முன்னால் வந்தது. முழங்கால் உயரம், காயமில்லை. பூட்டன் விழுந்ததால் சாகவில்லை. ஏணியில் நின்றபடியே உயிர் போய், அதன்பிறகுதான் கீழே விழுந்திருக்கிறார். பெரியப்பாவும் அப்பாவும்கூட அப்படித்தான் போயிருக்க வேண்டும். இதயத்தின் தசை தடித்துப்போகும் நோய், ரத்த வழியில் வருவது, பலருக்கு வெளியே தெரியாது என்றார் டாக்டரம்மா. அந்தக் காகிதத்தை நான் ஒழுங்காகப் படித்திருந்தால் சேலத்திலேயே உங்களை டாக்டரிடம் காட்டியிருக்கலாம். இதை எழுதவே கூசுகிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பூங்கொடிக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. காலேஜில் ஓட்டப் பந்தயத்துக்கு எடுத்திருக்கிறார்கள். லீவுக்கு வந்தவள் தினமும் காலையில் எஸ்டேட் ரோட்டில் மேட்டுப்பக்கமாக ஓடுகிறாள். பரிசோதனைக்கு வா என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன்.

"அது ஆம்பளைங்களுக்கு வர்றதுங்க அத்தை. நம்மூட்டுப் பொம்பளைங்க யாராச்சும் உழுந்திருக்காங்களா?" என்று இன்று காலை ஷூ மாட்டிக்கொண்டே கேட்டாள். உங்கள் சிரிப்பு அப்படியே இருக்கிறது அவளுக்கு.

யாருக்கும் சொல்லாமல் எடுத்து பீரோவில் வைத்திருந்த என் ஸ்கேன் ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுத்தேன். "நான் மரம் ஏறுனதே இல்ல சாமி. எனக்கும் இருக்குது."

இரண்டு தடவை படித்தாள். ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தாள். திங்கட்கிழமை சேலம் போகிறோம். இன்று வெள்ளிதான் ஆகிறது.

நீங்கள் போனதிலிருந்து என்னை விடாத பழக்கம் ஒன்று உண்டு. அவள் வீட்டில் இருக்கும்போது எது கீழே விழுந்தாலும், ஒரு தட்டோ கரண்டியோ, உடனே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். "என்னங்க அத்தை" என்று அவள் குரல் வரும்வரை மூச்சுவிட முடிவதில்லை. சில சமயம் அவள் உடனே பதில் சொல்வதில்லை, அண்ணா.