கம்பளி வருகிறது, ஆள் வருவதில்லை

என் அன்புக் கோமதிக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. உன் அண்ணன் அப்படியேதான் இருக்கிறார். பக்கவாதம் வந்த வலது பக்கம் அசையவில்லை, பேச்சும் திரும்பவில்லை. வியாழக்கிழமைகளில் நீ வந்து அவர் பக்கத்தில் உட்காருவாய், நான் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் வருவேன். இப்போது வியாழனும் மற்ற நாள் மாதிரிதான்.

ஆஸ்பத்திரி ஏசியில் கால் விறைக்கிறது என்றாயே, அதற்காக ஒரு கம்பளிச் செருப்பு பின்னினேன். அதைப் பார்த்து நர்ஸ் தனக்கும் ஒரு ஜோடி கேட்டாள். பிறகு ஜெர்மனிக்குப் போன அவள் தங்கைக்கு, பெங்களூரில் என் தம்பி வீட்டுக்கு, அவர்கள் சிநேகிதர்களுக்கு. குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டோ போட்டால் இதயமாகக் கொட்டும். கூரியரில் நூல் வரும். "மதினிக்கும் பொழுது போகும்லா" என்பான் உன் தம்பி. கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, மிச்சமிருக்கும் அரை மணியில் யார் யார் பாதத்துக்கோ பின்னுகிறேன். நான் வாசலைத் தாண்டி எத்தனை மாதம் ஆயிற்று?

போன மாதம் நாகர்கோவிலில் என் அக்கா பேத்திக்குக் கல்யாணம். ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். போகவில்லை. சிவப்பில் ஒரு ஜோடி பின்னி அனுப்பினேன். "அவ வரல்லேன்னாலும் மனசு இங்கதான் இருக்கு" என்று அக்கா எல்லாரிடமும் சொன்னாளாம். என் மனசு எங்கே இருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் உன் மகள் சித்ரா பேரூர்க்கடையிலிருந்து வந்தாள், கையில் நூல் பையுடன்.

"அத்தே, ஆபீஸ்ல மூணு பேருக்கு வேணுமாம். சைஸ் எழுதியிருக்கேன், கேட்டோ."

பையை வாங்கி நாற்காலியில் வைத்தேன். "மாமாவப் பாத்துக்கோ, இப்ப வாரேன்" என்று சொல்லி அப்படியே இறங்கிவிட்டேன்.

கிழக்கேகோட்டையில் வித்துராவுக்குப் போகும் பஸ் நின்றது. ஏறினேன். அங்கே எனக்கு யாரும் இல்லை. அதனால்தான் ஏறினேனோ என்னவோ. காற்று முகத்தில் அடித்தபோது ஒரு நினைப்பு வந்தது, உன்னிடம் மட்டும்தான் சொல்லலாம்: திரும்பிப் போகாமலே இருந்துவிட்டால்? பாதி வழியில், நெடுமங்காடு வந்ததும் எழுந்துவிட்டேன். இறங்கி, திரும்பி வரும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

வீட்டில் சித்ரா கட்டிலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள். உன் அண்ணன் படுக்கையிலேயே வெளிக்குப் போய்விட, அவளே கழுவித் துடைத்து வேட்டி மாற்றியிருக்கிறாள்.

"அத்தே, தெனமும் இதுதானா?"

"ஆமா."

"பின்னே ஏன் ஒருத்தர்ட்டயும் சொல்லல்லை?"

சொன்னேனே என்று வாய்வரை வந்தது. யோசித்துப் பார்த்தால் நான் சொன்னதே இல்லை. நன்றாயிருக்கிறோம் என்று எழுதி, கூடவே செருப்பும் அனுப்பியிருக்கிறேன்.

அன்றே குழுவில் எழுதினேன்: "இனி நூல் அனுப்ப வேண்டாம். ஆளுக்கு ஒரு நாள் வந்து இவர் பக்கத்தில் உட்காருங்கள்." இதயம் ஒன்றும் வரவில்லை. உன் தம்பி மட்டும் ஒரு ஹோம் நர்ஸ் ஏஜென்சியின் நம்பர் அனுப்பினான். சித்ரா மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருகிறேன் என்கிறாள். வருவாளா?

உன் அண்ணனை விட்டுப் போகமாட்டேன், கோமதி. ஆனால் யார் கேட்டாலும் நன்றாயிருக்கிறேன் என்று இனிப் பொய் சொல்லவும் மாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன் மதினி,
சரசு